கொழுந்தெடுக்கும் அம்மாவுக்கு எந்த மசாஜ் பொருந்தும்?

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இது. முதல் சம்பளம் வந்திருக்கிறது. இருபத்தாறு வருடமாகத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் அம்மாவுக்குக் கழுத்தும் தோளும் ஓயாத வலி. அவரை நுவரெலியாவில் ஒரு மசாஜ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போக ஆசை. ஆனால் அங்கே கொடுத்த அட்டையில் ஸ்வீடிஷ், டீப் டிஷ்யூ, தாய், ஷிரோதாரா, ஹாட் ஸ்டோன் என்று ஒரு டசின் பெயர்கள். எது எதற்கு, அம்மாவுக்கு எது?

நான் பதினொரு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் ஆறு வருடம், பிறகு பண்டாரவளையில். என் அம்மாவும் டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பேர் போட்டு வேலை செய்தவர்தான். பயிற்சியில் சேர்ந்த முதல் மாதம் நான் வீட்டுக்கு வந்து பழகிப் பார்த்தது அவருடைய தோளில். அதனால் முதலில் கொழுந்தெடுப்பவரின் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர்களுக்கு அப்புறம் வருவோம்.

கூடைக் கயிறு உச்சந்தலையில் மாட்டியிருக்கும். கூடை முதுகில் தொங்கும். ஒரு நிறுவைக்கும் அடுத்த நிறுவைக்கும் இடையில் எட்டு, பத்து கிலோ சேர்ந்துவிடும். மழை நாளில் ஈரக் கொழுந்து இன்னும் கனம். அந்தக் கனம் முழுவதும் தலையைப் பின்னால் இழுக்கிறது. தலை பின்னால் போய்விடாமல் கழுத்துத் தசைகள் நாள் முழுக்க எதிர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கூடைக்குப் பதிலாகச் சாக்கு கட்டும் இடங்களிலும் கனம் ஒரு பக்கத் தோளில் இறங்குகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். கை இரண்டும் மார்பு உயரத்தில் நீட்டியபடி இருக்கும். இரண்டு இலை ஒரு மொட்டு என்று விரல் நுனியால் கிள்ளிக் கிள்ளி எடுப்பதால் முழங்கைக்கு வெளிப்பக்கத் தசை இறுகிவிடும். மலை சரிவு என்பதால் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. இடுப்பும் நேராக நிற்பதில்லை.

நான் என் அம்மாவின் தோளில் கை வைத்தபோது கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்கு முடிச்சு இருந்தது. அதை மெதுவாக அழுத்தினேன். அம்மா தோளைச் சொல்லவில்லை, நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொண்டு "இங்கேதானே வலிக்குது" என்றார். பத்து வருடமாக அவர் பனடோல் போட்டுக்கொண்டிருந்த ஒற்றைத் தலைவலி அந்த இடம். தோள்பட்டையின் மேல்தசையில் முடிச்சு விழுந்தால் வலி கழுத்தின் பக்கவாட்டில் ஏறிப் பொட்டில் தெரியும் என்பதைப் பிறகுதான் பாடத்தில் படித்தேன். இந்த வலிப் பாதைகளை எல்லாம் உடம்புப் படத்தில் வரைந்து வைத்தவர் அமெரிக்க மருத்துவர் ஜேனட் ட்ராவெல். ஜனாதிபதி கென்னடிக்கு வெள்ளை மாளிகையில் மருத்துவராக இருந்தவர். உங்கள் அம்மாவுக்குத் தலைவலியும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் அதையும் மசாஜ் செய்பவரிடம் சொல்ல வேண்டும்.

சரி, இப்போது அட்டையில் உள்ள பெயர்கள்.

ஸ்வீடிஷ் என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. பெயர் ஸ்வீடனுடையது, பெர் ஹென்ரிக் லிங் என்ற ஸ்வீடன்காரரோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் நீவல், பிசைதல், தேய்த்தல், தட்டல் என்று இன்று நாங்கள் செய்யும் கை அசைவுகளை ஒழுங்குபடுத்தியவர் யோஹான் மெஸ்கர் என்ற ஹாலந்து மருத்துவர். எண்ணெய் போட்டு, நீளநீளமாக நீவி, பிறகு பிசைந்து செய்வது. உடம்பு தளரும், நெஞ்சுத் துடிப்பு நிதானப்படும், அன்றிரவு நல்ல தூக்கம் வரும். மசாஜே செய்து பார்க்காத ஒருவருக்கு முதல் தடவை இதைத்தான் நான் சொல்வேன்.

இந்தக் கை அசைவுகள் எதுவும் நமக்குப் புதியவை கிடையாது. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று ஒரு பகுதி உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகையாகப் பிரித்திருக்கிறார்கள். பயிற்சி வகுப்பில் ஆங்கிலப் பெயர்களை மனப்பாடம் செய்ய முடியாமல் தவித்தபோது இந்த ஒன்பதோடு சேர்த்து வைத்துத்தான் நான் படித்தேன். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் போட்டு இடுப்பு நீவிவிடும் பாட்டிமாரின் கையைப் பாருங்கள், நீவலும் பிடித்தலும் அழுத்தலும் அங்கே அப்படியே இருக்கும்.

டீப் டிஷ்யூ என்றால் ஆழமான தசைவரை போய் மெதுவாக அழுத்துவது. முழங்கை, விரல் முட்டி எல்லாம் பயன்படுத்துவோம். முடிச்சுக்கு இது நல்லது. ஆனால் இதில்தான் தவறும் அதிகம். வலித்தால்தான் பலன் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வலி கூடினால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இறுகும், அப்போது அழுத்தி ஒரு பயனும் இல்லை. பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டால் ஐந்து, ஆறுக்கு மேல் போகக் கூடாது. மூச்சை அடக்காமல் தாங்க முடிகிற வலி, அதுதான் கணக்கு. ட்ரிகர் பாயிண்ட் என்று அட்டையில் தனியாக இருந்தால், அது நான் மேலே சொன்ன முடிச்சை மட்டும் தேடிப் பிடித்து, அரை நிமிடம் ஒரு நிமிடம் அழுத்தி வைத்திருப்பது. அந்த முடிச்சு உண்மையில் என்ன என்பதில் மருத்துவர்களுக்குள் இன்னும் ஒரே கருத்து இல்லை. என் கை அனுபவத்தில் தோள்வலிக்கு இதைப் போல உடனே இளக்கம் தருவது வேறில்லை.

தாய் மசாஜ் தாய்லாந்தினுடையது, அதற்கு எண்ணெய் கிடையாது. தரையில் மெத்தை விரித்து, தளர்வான உடுப்போடு படுக்க வைத்து, உள்ளங்கையாலும் காலாலும் அழுத்தி, கை காலை இழுத்து வளைப்பார்கள். 2019இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. உடுப்பு மாற்றவே கூச்சப்படும் அம்மாமாருக்கு இது ஒரு வசதி. ஆனால் முழங்கால் தேய்ந்தவருக்கும் எலும்பு பலவீனமானவருக்கும் இந்த வளைத்தல் ஆகாது. ஜப்பானிய ஷியாட்சுவும் உடுப்போடு செய்வதுதான், விரலால் அழுத்துவது, தாய் மசாஜை விட மென்மை.

ஆயுர்வேத வகைகள் நம் நாட்டில் எல்லா இடத்திலும் கிடைக்கும். அப்யங்கம் என்றால் உடம்பு முழுக்க இளஞ்சூடான மூலிகை எண்ணெய் தேய்ப்பது. ஷிரோதாராவில் நெற்றியில் மெல்லிய தாரையாக எண்ணெய் விழுந்துகொண்டே இருக்கும். மனம் அலைபாய்ந்து தூக்கம் வராதவர்களுக்கு அது சுகம், தோள்வலிக்கு அது வழி அல்ல. கிழி என்பது துணிக்குள் மூலிகைப் பொடியோ இலையோ கட்டிச் சூடாக்கி ஒற்றி எடுப்பது. எங்கள் குளிருக்கு, குறிப்பாக ஜனவரி மாதத்து நுவரெலியாவில், இடுப்பு பிடித்துக்கொண்டவருக்குக் கிழிச் சூடு ஒரு வரப்பிரசாதம். அம்மாவின் கழுத்துக்கும் அது நன்றாகச் சேரும்.

ஹாட் ஸ்டோனிலும் சூடுதான் வேலை செய்கிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். நீரிழிவால் கால் மரத்துப் போனவருக்குச் சுடுவது தெரியாது, கொப்புளம் எழும்பிய பிறகுதான் தெரியும். கால் பாதத்தை அழுத்தினால் ஈரல், சிறுநீரகம் எல்லாம் சரியாகும் என்று ரிஃப்ளெக்ஸாலஜிப் படத்தைக் காட்டிச் சொல்வார்கள். பாதத்தை அழுத்தினால் பாதம் இளகும், மனம் அமைதியாகும். அதற்காகச் செய்துகொள்ளலாம், ஈரலுக்காக வேண்டாம். லிம்ஃபாட்டிக் என்று இருந்தால் அது தோலை மட்டும் இறகு போல நகர்த்தி நீர்க்கட்டை வடிய வைக்கும் முறை. டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் அவர் மனைவியும் 1930களில் உருவாக்கியது. மார்புப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு கை வீங்குபவர்களுக்குப் பெரிய உதவி, ஆனால் அதை ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்ற ஃபிசியோதெரபிஸ்ட் செய்ய வேண்டும்.

ஸ்போர்ட்ஸ் மசாஜ் பற்றி ஒரு வார்த்தை. மார்கழிப் பௌர்ணமியில் இருந்து வைகாசி வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். அந்த மாதங்களில் ஹோட்டலுக்கு வருபவர்களில் பாதிப் பேர் படியில் பக்கவாட்டாக இறங்குவார்கள். ஐயாயிரத்துக்கும் மேல் படிகள் ஏறியவர்கள். ஏறியதால் வந்த வலி என்று நினைப்பார்கள், உண்மையில் இறங்கியதால் வந்தது. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்க வேண்டும், அதில்தான் நார்கள் நுணுக்கமாகக் கிழிகின்றன. லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது, அதைப் பிழிந்து எடுக்கிறோம் என்று சொல்லும் இடங்கள் உண்டு. அந்த அமிலம் மலை இறங்கிய ஒரு மணி நேரத்திலேயே ரத்தத்தில் இருந்து போய்விடும். மசாஜ் அந்த வலியைக் கொஞ்சம் குறைக்கும், மெதுவாக நீவினால் போதும். உடம்பில் உள்ள நச்சை வெளியேற்றும் என்பதும் அதே மாதிரிப் பேச்சுத்தான். அதைச் செய்ய ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன.

அப்படியானால் மசாஜ் எப்படித்தான் வலியைக் குறைக்கிறது? முட்டியில் அடிபட்டதும் நாம் அந்த இடத்தைத் தேய்க்கிறோம் இல்லையா, அதுதான் விளக்கம். தொடுகையும் அழுத்தமும் முதுகுத்தண்டுக்கு அனுப்பும் செய்தி, வலியின் செய்தி மேலே போகும் வாசலைச் சாத்துகிறது என்று மெல்ஸாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965இல் சொன்னார்கள். சாத்திய வாசல் மறுபடி திறக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2015இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு இடுப்பு வலிக்கான 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் குறுகிய காலத்துக்கு நிவாரணம் தெரிந்தது, நாளான பிறகு அது நிற்கவில்லை. அந்த ஆய்வுகளின் உறுதியும் குறைவு என்றே அவர்கள் சொன்னார்கள்.

உங்கள் அம்மா திங்கட்கிழமை மறுபடி கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறுவார். ஞாயிற்றுக்கிழமை கிடைத்த சுகம் புதன்கிழமைக்குள் கரைந்துவிடும். அதனால் நான் சொல்வது இதுதான்: ஒரு தடவை கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். ஸ்வீடிஷ் ஒரு மணி நேரம் கேளுங்கள், அதில் கடைசி இருபது நிமிடம் தோளுக்கும் கழுத்துக்கும் முன்கைக்கும் மட்டும் என்று சொல்லுங்கள். கிழி இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு மசாஜ் செய்த பெண்ணிடம், தோளை எப்படிப் பிடித்தீர்கள் என்று ஐந்து நிமிடம் காட்டச் சொல்லுங்கள். யாராயிருந்தாலும் சந்தோஷமாகக் காட்டுவார்கள். அதை வீட்டில் நீங்களோ உங்கள் தங்கையோ வாரத்தில் இரண்டு நாள் கால் மணி நேரம் செய்யுங்கள். அம்மாவின் தோள் மாறுவது அந்தக் கால் மணி நேரத்தில்தான்.

எப்படிச் செய்வது என்று நானும் சொல்கிறேன். எங்கள் பக்கம் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் வருடத்தில் பாதி நாள் மெழுகு போல வெள்ளையாக உறைந்துதான் இருக்கும். போத்தலைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி உருக்கிக்கொள்ளுங்கள், அடுப்பில் நேராக வைக்க வேண்டாம். நல்லெண்ணெய் என்றால் உறையாது. அம்மாவை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, முன்னால் மேசையில் தலையணை போட்டுக் கைகளை அதன் மேல் சாய்க்கச் சொல்லுங்கள். கை தொங்கிக்கொண்டிருந்தால் தோள் இளகாது. சுடுநீரில் பிழிந்த துவாயைக் கழுத்தில் மூன்று நிமிடம் போடுங்கள். பிறகு காதுக்குக் கீழே இருந்து தோள்முனை வரை உள்ளங்கையால் பத்துத் தடவை நீவுங்கள். அடுத்து, ரொட்டிக்கு மா பிசைவது போலத் தோள் தசையைப் பிடித்துத் தூக்கித் தூக்கி விடுங்கள். அதிலே பாக்குப் போல ஒன்று கையில் தட்டும். அதன் மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்தி, அரை நிமிடம் அசையாமல் இருங்கள். விரலுக்குக் கீழே அது இளகுவது உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டாலும் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், அடுத்த இடத்துக்குப் போங்கள்.

முன்கையை மறந்துவிடாதீர்கள். முழங்கையின் வெளிப்பக்கத்தில் இருந்து மணிக்கட்டு வரை கட்டைவிரலால் இழுத்து வாருங்கள், பிறகு உள்ளங்கையில் பெருவிரலின் மேட்டைப் பிசையுங்கள். கொழுந்துக் கறை ஏறிக் காய்த்துப்போன விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்து விடுங்கள். என் அம்மா இந்த இடத்தில்தான் எப்போதும் கண்ணை மூடுவார். முதுகெலும்பின் மேல் நேராக அழுத்தக் கூடாது, கழுத்தின் முன்பக்கம் கையே வைக்கக் கூடாது. கடைசியில் சித்தாலேப என்ற வலித் தைலம் பூசுவதென்றால் பூசலாம், பிறகு அந்தக் கையோடு கண்ணைத் தொடாமல் இருந்தால் சரி.

கழுத்தை யாரிடமும் திருகி நெட்டி முறிக்கக் கொடுக்காதீர்கள். சுளுக்கு எடுப்பதாக ஒருவர் என் அம்மாவின் கழுத்தை ஒரே வெட்டாகத் திருப்பினார். அதன் பிறகு மூன்று வாரம் அம்மாவின் இடது கை மரத்துப் போய்க் கிடந்தது, தேநீர்க் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியவில்லை. அது தானாகச் சரியானது எங்கள் அதிர்ஷ்டம்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டு மாமாவுக்குக் கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டு அவிழ்த்த சில நாளில் அந்த ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து இருந்தது. நான் போனபோது அத்தை எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டிருந்தார், உருவிவிட. நான் கையைப் பிடித்து நிறுத்தி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னேன். நாளத்துக்குள் ரத்தம் கட்டியிருந்தது. அதை உருவியிருந்தால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகியிருக்கலாம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாக இருந்தால் அதில் கை வைக்காதீர்கள்.

காய்ச்சல், தோலில் புண் அல்லது கிருமி, புதிய முறிவு, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து குடிப்பவர், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர், கர்ப்பிணி, இவர்கள் எல்லாரும் முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும். அம்மாவுக்குக் கை மரத்துப்போவதோ, பிடித்த சாமான் கை நழுவி விழுவதோ இருந்தால் மசாஜுக்கு முன் டாக்டரைப் பாருங்கள், அது தசை வலியாக இல்லாமல் நரம்பு நசுங்கியதாக இருக்கலாம்.

நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, ஆயுர்வேதம் என்று பலகை போட்ட இடமானால் ஆயுர்வேதத் திணைக்களத்தில் பதிவு உண்டா என்று கேளுங்கள். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தில் இருந்தே அந்தப் பதிவு முறை இருக்கிறது, கேட்பது உங்கள் உரிமை. உள்ளே போனதும் நோய், மருந்து பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் படுக்கச் சொல்லும் இடமானால் திரும்பி வந்துவிடுங்கள். ஏப்ரலில் வசந்த காலக் கூட்டம் இருக்கும், அப்போது கை ஓய்வில்லாமல் ஓடும், விலையும் கூடும். மே கடைசிக்குத் தள்ளிப் போட்டால் நிதானமாகச் செய்வார்கள்.

முன்கூட்டியே போன் செய்து, தமிழ் பேசுகிற பெண் ஒருவர்தான் வேண்டும் என்று சொல்லுங்கள். இது சின்ன விஷயம் இல்லை. தோட்டத்துப் பெண்கள் பலர் என்னிடம் வந்து படுத்ததும் "எனக்கு எதுக்கும்மா இதெல்லாம், காசு எவ்வளவு" என்றுதான் தொடங்குவார்கள். வலிக்கிறது என்று சொல்லவே மாட்டார்கள். தன் மொழியில் பேசுகிறவளிடம்தான் பத்து நிமிடம் கழித்து, "அங்கேதான், கொஞ்சம் மெதுவா" என்று வாய் திறக்கும். உடுப்பை எதுவரை மாற்றுவது என்பதை அம்மாவே முடிவு செய்யலாம் என்றும், எந்த நேரமும் நிறுத்தச் சொல்லலாம் என்றும் போகும் வழியிலேயே அவரிடம் சொல்லி வையுங்கள். விலையை மட்டும் சொல்லாதீர்கள்.

சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு வேண்டாம், அன்று அம்மாவின் மனம் கடைக்கணக்கில் இருக்கும். அதற்கடுத்த ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு நேரம் கேளுங்கள். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முடிந்ததும் உடனே பஸ்ஸில் ஏற்றாமல் அரை மணி நேரம் சூடாக ஒரு தேத்தண்ணியோடு உட்கார வையுங்கள், எழுந்ததும் சிலருக்குத் தலை சுற்றும். எண்ணெய்த் தலையோடு குளிர் காற்றில் வர வேண்டியிருக்கும், ஒரு கம்பளிச் சால்வை கொண்டு போங்கள்.